முந்நூற்று இருபது புள்ளி

ஜூன் 8, ஞாயிறு

ரைபிள் கிளப்பில் புகார் சொல்லப் போனேன். புகாரைச் சொல்லாமலே திரும்பினேன்.

ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்குப் பாளையங்கோட்டையில் நாய்கூடக் குரைக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பின்தெருக் கிளப்பில் சுடுவார்கள். மூன்று வாரம் பொறுத்தேன். இன்று சாம்பல் நிறக் காட்டன் புடவையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல் பலகையில் ‘துப்பாக்கி சுடும் பயிற்ச்சி மையம்’ என்று எழுதியிருந்தது. ‘பயிற்ச்சி’! புகார் அந்த இடத்திலேயே இரண்டாயிற்று.

உள்ளே காக்கிப் பேண்டும் பனியனுமாக ஒருவர் உட்கார்ந்து, குறி வைக்கும் அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாகச் சட்டை மாட்டினார். அதனால் அவரை மன்னித்தேன். மேலே இருந்த அட்டையைப் பார்த்தேன். வெள்ளையில் கருப்பு வட்டம், அதற்குள்ளும் வெளியிலும் வளையங்கள்.

“இது வட்டம் இல்லை” என்றேன்.

“என்னது மேடம்?”

“மேலிருந்து கீழே ஒரு மில்லிமீட்டர் கூடுதல். ஜெராக்ஸ் மெஷின் இழுத்திருக்கு.”

அவர் மேஜை இழுப்பறையைக் குடைந்து ஸ்கேலை எடுத்து அளந்தார். குறுக்கே ஐம்பத்தொன்பதரை. நெடுக்கே அறுபதரை. திரும்பவும் அளந்தார்.

“ஏழு வருசமா இதுலதான் சுடுதோம். ஒருத்தரும் சொல்லல” என்றார். “நீங்க என்ன வேலை பாத்திய?”

பொதுப்பணித் துறையில் முப்பத்தெட்டு வருடம் வரைவாளர் என்றேன். அணை, மதகு, கால்வாய். தாமிரபரணியின் எந்த மதகைக் கேட்டாலும் அதன் வரைபடத்தில் என் கைக்கோடு இருக்கும்.

“பத்து மீட்டர்ல நின்னு பாத்தாலும் தெரியுமா?” என்று கேட்டார். அவர் காட்டிய இடத்தில் நின்றேன். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். ஒரு ஏர் பிஸ்டலைக் கையில் கொடுத்தார். ஒரு கிலோ இருக்கும். சுட்டேன். குண்டு அட்டையில் படவில்லை. பின்னாலிருந்த மரத்தடுப்பில் எங்கோ போய்ப் பதிந்தது.

அறுபத்தெட்டு வயதில் என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதைக் கேட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. “காலையில எத்தனை மணிக்குத் திறப்பீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஆறு மணிக்குத் திறப்பார்கள். ஐந்து ஐம்பதுக்கே போய் நின்றேன். பலகையில் ஒரு ‘ச்’ கூடுதல், மாற்றுங்கள் என்று முதல் வேலையாகச் சொன்னேன்.

பயிற்சியாளர் பெயர் இசக்கியப்பன். ஆயுதப்படையில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் எல்லாரும் ஏட்டையா என்றே அழைக்கிறார்கள். பதவியைக் குறைத்து அழைப்பது தவறு என்றேன். “இருபது வருசம் ஏட்டா இருந்தேன் மேடம், ரெண்டே வருசந்தான் எஸ்ஐ. பழக்கத்துல கூப்பிடுதாவ” என்றார். நானும் அப்படியே அழைக்கத் தீர்மானித்தேன்.

“எந்தக் கை?”

“சோத்துக்கைதான். வேற எது?”

இடக்கண்ணை மறைக்க, என் மூக்குக்கண்ணாடியின் அந்தப் பக்கத்தில் காகிதம் ஒட்டினார். ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். மற்றக் கை இடுப்பில். பிஸ்டலின் நுனியில் உள்ள முன்குறி மட்டும் கூர்மையாகத் தெரிய வேண்டுமாம், இலக்கு மங்கலாக. வாழ்நாள் முழுக்கக் கோடு பிசகாமல் பார்த்த என்னிடம், பார்க்க வேண்டியதை மங்கலாகப் பார் என்கிறார்.

சுவரில் கிளப்பின் வகுப்புகள் எழுதியிருக்கின்றன. நாற்பது குண்டு, நானூறு புள்ளி. மூன்றாம் வகுப்புக்கு 220, இரண்டாவதற்கு 270, முதல் வகுப்புக்கு 320. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது.

ஒவ்வொரு எண்ணையும் பென்சிலில் குறித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

அட்டையில் பட்டது. ஐந்துக்கு ஐந்தும்!

ஜூன் 21, சனி

இன்று ஹில்டா வந்தாள். விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபத்து மூன்று வயது, நல்ல உயரம், அடங்காத வாய். முதல் வகுப்பு எப்போதோ வாங்கிவிட்டாள்.

“யக்கா, நீங்கதான் வட்டத்தையே குத்தம் சொன்னவியளா?”

“வட்டம் இல்லாததைச் சொன்னேன்.”

“நல்லாச் சொன்னிய. நானும் ஏழு வருசமா பத்து விழலைன்னா அட்டை மேலதான் பழி போடுதேன்.”

பிறகு காரியத்துக்கு வந்தாள். நவம்பரில் மாநிலப் போட்டி. அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் அணிக்கு மூன்று பேர் வேண்டும், மூவரும் முதல் வகுப்பு வாங்கியிருக்க வேண்டும். ஹில்டா இருக்கிறாள். தென்காசியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். மூன்றாவது ஆள் இல்லாததால் இரண்டு வருடமாக நம் மாவட்டத்திலிருந்து அணியே போகவில்லை. அக்டோபர் இருபத்தாறாம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

“ரெண்டு வருசமா பொட்டிய கட்டி வச்சுட்டு உக்காந்திருக்கேன் யக்கா. உங்களப் பாத்தா நம்பிக்கையா இருக்கு” என்றாள்.

நான் அடக்கமாக, “முயற்சி செய்கிறேன்” என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் பால் வாங்க மறந்தேன். இது எனக்கு வழக்கமில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மூன்றாம் வகுப்பு. 228!

வெண்கல நிறத்தில் ஒரு சின்ன வில்லை. நான் கூட்டிச் சரிபார்த்த பிறகே வாங்கிக்கொண்டேன். ஏட்டையா கூட்டியதில் தவறில்லை. கையெழுத்துதான் சகிக்கவில்லை.

ஜூலை 5, சனி

பூனாவிலிருந்து பாமா கூப்பிட்டாள். என் ஒரே மகள். அவளுடைய அப்பா காலமான பிறகு இந்தப் பதினெட்டு மாதமும், என்னை அங்கே வந்து தங்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காலையில் போன் அடித்தால் எடுப்பதில்லையே, எங்கே போகிறாய் என்று கேட்டாள். நடக்கப் போகிறேன் என்றேன். பொய்யில்லை, கிளப்புக்கு எண்ணூற்றுப் பத்து அடி.

புதிதாக வாங்கிய சாஸர்களின் அடிப்பாகம் சமமில்லை. கையில் எடுத்தால் கப் கடகடக்கிறது. மாற்ற வேண்டும்.

ஜூலை 12, சனி

இரண்டாம் வகுப்புத் தேர்வு. 261. ஒன்பது புள்ளியில் போயிற்று.

குண்டுகள் ஒரே அளவில் இல்லை. ஏட்டையாவிடம் சொன்னேன். அவர் என் அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டைகள் இடமும் வலமுமாகச் சிதறியிருந்தன.

“இது ட்ரிகர் தப்பு இல்ல மேடம். இது வந்து…” என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்தார். பிஸ்டலைக் கீழே வைத்த என் கையைப் பார்த்தார். “வெயில் ஜாஸ்தி” என்று முடித்தார்.

காலை ஏழு மணிக்கு என்ன வெயில்?

ஜூலை 19, சனி

271. இரண்டாம் வகுப்பு!

ஒரே ஒரு புள்ளி அதிகம். இருந்தால் என்ன, 271 என்பது 270-ஐ விடப் பெரிய எண். ஹில்டா அல்வா வாங்கி வந்தாள். நான் இனிப்புத் தொடுவதில்லை. இன்று தொட்டேன், இரண்டு முறை.

ஜூலை 24, வியாழன்

டாக்டரிடம் போய் வந்தேன். வழக்கமான பரிசோதனை, வேறொன்றுமில்லை. இரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி. பிறகு ஒரு தாளைத் தந்து, நடுவிலிருந்து வெளியே ஒரு சுருள் வரையச் சொன்னார். என்னிடம். நான் மதகுச் சக்கரத்துக்கு வரைந்த சுருளைச் செயற்பொறியாளர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்.

வரைந்தேன். அவருடைய பேனா சரியில்லை.

இப்போதைக்கு ஒரு பக்கம்தான், உயிருக்கு ஒன்றுமில்லை, மற்றப் பக்கம் எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடியாது, வராமலும் இருக்கலாம் என்றார். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றாட வேலைக்குத் தொந்தரவாக இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அவசியமில்லை என்றார். எனக்கு எந்த வேலையும் தொந்தரவாக இல்லை.

அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதை அவர் கோப்பில் விட்டுவர மனமில்லை.

ஜூலை 27, ஞாயிறு

தெரிந்தவர் ஒருவருக்காக என்று சொல்லி, மாத்திரையின் பெயரை ஏட்டையாவிடம் காட்டினேன். படித்ததும் தலையை ஆட்டினார்.

“இது நம்ம விளையாட்டுல தடை பண்ணுனது மேடம். கைய அசையாம நிறுத்திரும்லா, அதான். இதப் போட்டுட்டுச் சுட்டுப் பிடிபட்டா பேரையே அடிச்சிருவாவ.” பிறகு, “தெரிஞ்சவங்க கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க” என்றார்.

சொல்கிறேன் என்றேன். மாத்திரைப் பட்டையை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

பயிற்சியில் 254. நேற்று 258. எண் கீழே போகிறது.

இன்னொன்றும் நடந்தது. ஹில்டாவின் முழங்கை பட்டுக் குண்டு டப்பா மேஜையிலிருந்து உருண்டது. ஐந்நூறு குண்டு. அது தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டேன், ஒன்றுகூடச் சிந்தவில்லை. நிமிர்ந்தால் ஹில்டா என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“யக்கா, நீங்க நொட்டாங்கையா?”

“இல்லை.”

“டப்பாவ எந்தக் கையில வச்சிருக்கிய?”

“பக்கத்தில் இருந்த கையால் பிடித்தேன்.”

“பக்கத்துல இருந்தது சோத்துக்கைல்லா.”

கல்லூரி வரைக்கும் கான்வென்டில் படித்த ஒருத்தியிடம் பேசும் பேச்சா இது என்று கேட்டுவிட்டு, டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று கிளப்புக்குப் போகவில்லை. எழுதி முடித்துவிடுவது நல்லது.

ஆறு வயதில் மலைக் கான்வென்டில் சேர்த்தார்கள். சிலேட்டில் முதல் எழுத்தை நான் இடது கையால் எழுதினேன். சிஸ்டர் பெர்னதெத் மர ரூலரை எடுத்தார். அந்த வருடம் முழுவதும் எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை; அடித்த பிறகு கைக்குத் தேங்காய் எண்ணெயும் தடவிவிடுவார். ‘அந்தக் கை’ என்றுதான் சொல்வார், இடது என்றுகூடச் சொல்லமாட்டார். விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது நான் வலது கையால் சாப்பிட்டதையும் எழுதியதையும் பார்த்து அம்மா அழுதாள், சந்தோஷத்தில். சிஸ்டருக்கு ஒரு டின் முறுக்கு கொடுத்தனுப்பினாள். பத்து வயதில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினேன். அந்த வலது கைதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. எனவே என்னைத் திருத்தியவர்களுக்கு நன்றியுடன்தான் இருந்திருக்கிறேன்.

சாயங்காலம் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, என் கணவரின் மூன்று பேட்டரி டார்ச்சை எடுத்தேன். மின்வாரியத்தில் இருந்தபோது அவர் வைத்திருந்தது, இரும்புக் குழாய்போல இருக்கும். கிட்டத்தட்டப் பிஸ்டலின் கனம். வலது கையில் பிடித்து நீட்டி, எதிர்ச் சுவரில் உள்ள காலண்டர் ஆணிமேல் வெளிச்சத்தை வைத்தேன். வெளிச்சம் ஆணியில் நிற்கவில்லை. காலண்டர் முழுக்கப் போனது, சுவருக்குப் போனது, திரும்பி வந்தது.

டார்ச்சை மற்றக் கைக்கு மாற்றினேன்.

ஆணிமேல் நின்றது. கொஞ்சம் ஏறி இறங்கியது, மூச்சோடு. மற்றபடி நின்றது.

அதே டார்ச். அதே ஆணி. குறை சொல்ல வேறெதுவும் இல்லை.

இருபது நிமிடம் அப்படியே நின்றிருப்பேன். தோள் வலிக்கிறது. இன்று போல் சந்தோஷமாக இருந்து எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஏட்டையாவிடம் சொன்னேன்: இனி இடது கை.

“நீங்களாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன் மேடம்” என்றார், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல். நல்ல மனிதர்.

இரண்டு வில்லைகளையும் மேஜைமேல் வைத்தேன். “இவை அந்தக் கை வாங்கியவை. இந்தக் கை மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.”

“ரூல்ல அப்படி ஒண்ணும் இல்லையே.”

“இருக்க வேண்டும்.”

ஹில்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். “யக்கா, இன்னும் பன்னெண்டு வாரந்தான் கிடக்கு. அதுக்குள்ள மூணு வகுப்பா? எனக்கு மூணாவது ஆளு வேணும், தியாகி வேண்டாம்.”

“வருவேன்.”

“வரலைன்னா?”

“வருவேன் என்றேனே.”

அவள் உள்ளே போய் என் குடையை எடுத்து வந்தாள். என் இடது பக்கமாக வந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

கிளப் பிஸ்டல்களின் கைப்பிடி எல்லாம் வலது உள்ளங்கைக்குச் செதுக்கியவை. இடது கையில் பிடித்தால் கட்டைவிரலுக்கு இடமில்லை. முருகன்குறிச்சித் தச்சர் ஒருவர் வாகை மரத்தில் செய்து தர ஒப்புக்கொண்டார். ஆனால் அளவோடு படம் வேண்டும் என்றார். படமா, அது என் பாடு என்றேன்.

பலகையை எடுத்துத் தாளை ஒட்டினேன். வலது கையால் முதல் கோடு. அழித்தேன். இரண்டாவது கோடு. ஏழு முறை அழித்தேன், தாள் கிழிந்தது. வேறு தாள் ஒட்டிப் பென்சிலை இடது கைக்கு மாற்றினேன். குழந்தை வரைவதுபோல நாக்கை நீட்டிக்கொண்டு வரைந்தேன். பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்கு வெட்டு. நான்கு மணி நேரம். வளைவுகள் அழகாக இல்லை. ஆனால் கோடுகள் போக வேண்டிய இடத்துக்குப் போயின.

தச்சர் படத்தைப் பார்த்துவிட்டு, “எந்த இஞ்சினியர் போட்டது?” என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்றாம் வகுப்பு, 231. அந்தக் கை வாங்கியதைவிட மூன்று கூடுதல்!

ஆகஸ்ட் 28, வியாழன்

கோவிலில் விபூதிக்கு இடது கையை நீட்டிவிட்டேன். குருக்கள் காத்துக்கொண்டு நின்றார். மாற்றி நீட்டினேன். விபூதி போட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

284. இரண்டாம் வகுப்பு. பதினான்கு புள்ளி மிச்சம்.

ஏட்டையா அட்டையை எல்லாரிடமும் காட்டினார். ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. வீட்டுக்கு வந்து, ரசத்துக்குப் புளி கரைக்கும்போதுதான் பாடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். சுருதி சேரவில்லை. நிறுத்தவில்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. 320.

செப்டம்பர் 30, செவ்வாய்

305. 309. 307. 309. ஒரு வாரமாக இதே இடம். மேலே ஏற மறுக்கிறது.

ஏட்டையா இன்று அட்டையைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து குண்டு முடிந்ததும் கேட்டார்.

“எதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிய?”

“கை நிற்பதற்கு.”

“நிக்காது.”

“நின்றால்தானே சரியாகச் சுட முடியும்?”

“மேடம், உசுரோட இருக்கிற எவன் கையும் நிக்காது. ஒலிம்பிக்ல சுடுதவன் கையும் ஆடும். நீங்க கோடு போடுதவங்க, பேனாவ நிறுத்தி வச்சு இழுத்துப் பழகுனவங்க. இங்க அது ஆகாது. நிக்கும் நிக்கும்னு காத்துக்கிட்டே இருக்கிய. நின்ன மாதிரி தெரிஞ்சதும் வெடுக்குன்னு இழுத்துப்புடுதிய. அதுலதான் போவுது. ஆடட்டும். அது ஆடிக்கிட்டு இருக்கும்போதே நீங்க பாட்டுக்கு மெல்ல அமுக்குங்க. எப்ப வெடிக்கும்னு உங்களுக்கே தெரியக்கூடாது.”

பிழையென்று தெரிந்த ஒன்றின் நடுவில் நின்றுகொண்டு வேலையைச் செய் என்கிறார். முப்பத்தெட்டு வருடம் எந்த அதிகாரியும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

செய்து பார்த்தேன். ஐந்தில் இரண்டு பத்து.

அக்டோபர் 12, ஞாயிறு

முதல் வகுப்புத் தேர்வு. 316.

நாலு புள்ளி. முதல் வகுப்புக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் தேர்வு. அதாவது இருபத்தாறாம் தேதி, பெயர் கொடுக்கக் கடைசி நாள் காலை. ஒரே வாய்ப்பு.

ஹில்டா வழக்கம்போலக் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். என் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். கேலி செய்திருக்கலாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பாமா கூப்பிட்டாள். பின்னால் அங்கேயும் இங்கேயும் வெடி. சொல்லிவிட்டேன், கிளப்பையும் பிஸ்டலையும் முந்நூற்றிருபதையும்.

“அம்மா, நீயா? ஊசிவெடிக்கே காதைப் பொத்துவியே.” சிரித்தாள், நிறுத்த முடியாமல். பிறகு, “உன் கை?” என்றாள்.

“என்ன கை?”

“மார்ச்சுல நான் வந்தப்போ காபியைக் கொட்டினியே.”

“டம்ளர் சூடு.”

“சரிம்மா” என்றாள். “ஞாயிற்றுக்கிழமை முடிஞ்சதும் உடனே கூப்பிடு. எவ்வளவா இருந்தாலும் கூப்பிடு.”

அக்டோபர் 25, சனி

மழை. தோட்டத்தில் முழங்கால் தண்ணீர். நாளைக்கு நின்றாலும் நிற்காவிட்டாலும் போவேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

மழை விடவில்லை. கிளப்பின் தகரக் கூரைமேல் அது கொட்டியதில் ஏட்டையா ‘ஸ்டார்ட்’ என்று கத்தியதே அரைகுறையாகத்தான் கேட்டது. அட்டைக்கு ஐந்து குண்டு, எட்டு அட்டை, ஐம்பது நிமிடம். ஐந்து சுட்டதும் கம்பியில் கோத்த அட்டையைச் சக்கரத்தைச் சுற்றி இழுத்து, கழற்றி, புதியதை மாட்டி அனுப்ப வேண்டும். கூட்டக்கூடாது என்பது ஏட்டையாவின் கட்டளை. கூட்டாமல் இருக்க எனக்குத் தெரியாது.

40. 41. 38. 42. ஐந்தாவது அட்டை 39, சரியாக இருநூறு. ஆறாவது 41. ஏழாவதில் ஒரு குண்டு ஐந்துக்குப் போய்விட்டது. 37. ஆக 278. கடைசி அட்டையில் 42 வேண்டும்.

நான்கு குண்டு சுட்டேன். பத்து மீட்டரிலிருந்து ஓட்டைகள் தெரியாது. சுட்ட கணத்தில் முன்குறி எங்கே இருந்தது என்பதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். நன்றாகத்தான் போயின என்று நினைத்தேன். ஐந்தாவதற்குக் கையை உயர்த்தினேன். முன்குறி ஆடியது. இந்த மூன்று மாதத்தில் இந்தக் கை அவ்வளவு ஆடியதில்லை. இறக்கினேன். மூச்சு விட்டேன். மீண்டும் உயர்த்தினேன். அதே ஆட்டம். இறக்கினேன்.

இதற்கும் வந்துவிட்டதா என்று நினைத்தேன். டாக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. பின்னால் ஏட்டையா, “ரெண்டு நிமிசம்” என்றார். ஹில்டா எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஆனால் அவள் பேசாமல் இருந்தது காதில் விழுந்தது.

மூன்றாம் முறை உயர்த்தினேன். களைப்பாக இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். எதுவானால் என்ன, இன்றைக்கு இருக்கிற கை இதுதான். முன்குறி இடமும் வலமும் போய்வந்துகொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டேன். விரலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே இருந்தேன். வெடித்தபோது நானே திடுக்கிட்டேன்.

சக்கரத்தைச் சுற்றினேன். அட்டை ஆடி ஆடி வந்தது. ஏட்டையா கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். 9, 8, 10, 7. கடைசி ஓட்டை எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுக்கோட்டில் உட்கார்ந்திருந்தது. அளவுக் கருவியை ஓட்டையில் செருகி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். “கோட்டத் தொட்டுட்டு. ஒம்பது” என்றார்.

“எட்டென்றாலும் போதும்” என்றேன்.

321.

நான் இரண்டு தடவை கூட்டினேன். கீழிருந்து மேலாக ஒரு தடவை. ஹில்டா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு தூக்கிவிட்டாள். அறுபத்தெட்டு வயதில் என் கால் தரையில் இல்லை. இறக்கிவிடு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பதற்றத்தில் எனக்கு அதுதான் வரும். “டாக்டரம்மாவுக்குப் போன் போடணும், பொட்டியக் கட்டச் சொல்லணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், இறக்கிவிடாமல்.

பாமாவைக் கூப்பிட்டேன். எண்ணைச் சொன்னேன். பிறகு அவள் கேட்காமலே, “டம்ளர் சூடு இல்லை” என்றேன். “தெரியும்மா” என்றாள். டாக்டர் எழுதியதையெல்லாம் படம் எடுத்து அனுப்புவதாகச் சொன்னேன். பூனாவுக்கு வருவதைப் பற்றி நவம்பருக்குப் பிறகு பேசலாம் என்றும் சொன்னேன். “முதல்ல ஜெயிச்சுட்டு வா” என்றாள்.

மாநிலப் போட்டிக்கான படிவத்தை ஏட்டையா கொண்டுவந்தார். பெயர், வயது, முகவரி. கடைசியில் ஒரு கட்டம்: உடற்குறை ஏதேனும் உண்டா, உட்கொள்ளும் மருந்துகள் எவை.

“இல்லைன்னு போட்டுருங்க மேடம். ஒருத்தரும் பாக்க மாட்டாவ.”

படிவத்தில் பொய் எழுதிப் பழக்கமில்லை. எழுதினேன்: வலது கையில் நடுக்கம். மருந்து எடுத்துக்கொள்வதில்லை.

முதல் சொற்கள் இரண்டும் சுலபமாக வந்தன. மூன்றாவதற்கு நேரமாயிற்று. வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். அந்தச் சொல்லை இதிலும் எங்கும் நான் எழுதவில்லை.

அங்கே கிளப்பில் ஏட்டையா படித்துவிட்டுப் படிவத்தை இரண்டாக மடித்து உறையில் போடப் போனார். ஹில்டா பறித்துப் பார்த்தாள்.

“என்னக்கா எழுத்து இப்படிக் கோணிக்கிட்டுப் போவுது? நீங்கதான் பயிற்ச்சியில ஒரு ‘ச்’ கூடன்னு பலகைய மாத்தச் சொன்னவிய?”

“இந்தக் கைக்கு வயசு மூணு மாசம் ஹில்டா” என்றேன். “எழுத்து இனிமேல்தான் கத்துக்கணும். சுடறதுல மட்டும்தான் முதல் வகுப்பு.”